கிளைப் பக்கத்துப் பாசி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்துநாலு. திருச்சியில் தாவரவியல் படித்துவிட்டு வந்திருந்தேன். பள்ளியை ஒட்டிய விடுதியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக விடுதியின் சமையற்கட்டை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசியில் கல் இருக்கிறதா, குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கா இவ்வளவு படித்தோம் என்று எனக்குள் ஒரு குறை இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அந்தச் சமையற்கட்டில் அரைக்கிற வேலைக்கு ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதனால் நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். கறம்பக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். மழை பொய்த்த வருஷம், ஒரு கங்காணியோடு அவரும் அவர் வீட்டுக்காரரும் மேற்கு மலைக்குக் காடு வெட்டும் வேலைக்குப் போயிருந்தார்கள். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும் என்று அப்போது அங்கே மழைக்காட்டில் பெரிய பெரிய மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்த்த மரத்தில் பட்டை உரிப்பது பெண்களின் வேலை. இரண்டு வருஷம் கழித்து அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக வந்து, நீர் கோத்து, தோல் உரிந்தது. கங்காணி ஊருக்கு அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்த ஒரு மாதத்தில் கை சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் எங்களிடம் வந்தார். வீட்டுக்காரர் மலையிலேயே இருந்தார்.

நல்ல வேலைக்காரர். ஆட்டுக்கல்லில் அவர் உட்கார்ந்தால் ஒரு தாளம் இருக்கும். மூன்று மாதம் போனது. ஒரு நாள் சமையற்காரம்மா என் அறை வாசலில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டீச்சர், அந்த அரைக்கிற பொம்பளை கையைப் பாத்தீங்களா? எனக்கு என்னமோ சரியாப் படலைங்க. பெரிய வியாதி மாதிரி இருக்கு."

பெரிய வியாதி என்றால் எங்கள் பக்கம் குஷ்டம். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். விரல் இடுக்குகளிலிருந்து மணிக்கட்டுக்கு மேல்வரை சிவந்து, சில இடங்களில் வெடித்து, சில இடங்களில் கெட்டித்துப் போயிருந்தது. அக்கா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு அது இல்லைங்க டீச்சர். அது வந்தா மரத்துப்போகும்னு சொல்லுவாங்க. எனக்கு மரத்துப்போகலை. ராவும் பகலும் அரிப்புத் தாங்கலை. மரத்துப்போன எடம் அரிக்குமா?"

அன்று மாலைக்குள் செய்தி தலைமையாசிரியையிடம் போய்விட்டது. அவர் கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"நாப்பது பிள்ளைங்க சாப்பிடுற எடம் இது. நாளைக்கு ஒரு தகப்பன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது? டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போங்க. வியாதி இல்லைன்னு எழுதிக் குடுத்தா இருக்கட்டும். இல்லைன்னா ஊருக்குப் போகச் சொல்லுங்க. சொல்ல வேண்டியது நீங்கதான். சமையற்கட்டு உங்க பொறுப்பு."

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். அதிகம் பேசாதவர். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு குண்டூசியாலும் கோழி இறகாலும் மாற்றி மாற்றிக் கையைத் தொட்டார். "குத்துறீங்க", "தடவுறீங்க", "இப்ப இங்கிட்டுக் குத்துறீங்க" என்று அக்கா ஒன்றைக்கூடத் தப்பாமல் சொன்னார். டாக்டர் காது மடலையும் முழங்கை நரம்பையும் தடவிப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"குஷ்டம் மாதிரி தெரியலை. உணர்ச்சி சரியா இருக்கு. ஆனா இது என்ன, ஏன் போய்ப் போய்த் திரும்ப வருதுன்னு கேட்டா எனக்குத் தெரியலை. தெரியாத ஒண்ணுக்கு நான் சர்டிபிகேட் எழுத மாட்டேன். காரணத்தைக் கண்டுபிடிங்க. அப்ப எழுதுறேன்."

தலைமையாசிரியை ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதுவரை அக்கா சமையற்கட்டுக்குள் வரக்கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். படுக்க, கடப்பாரை மண்வெட்டி போட்டு வைக்கிற தகரக் கொட்டகை.

மறுநாள் பள்ளி விட்டதும் நான் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். எப்போது அரிக்கிறது, எப்போது குறைகிறது, என்ன வேலை செய்த பிறகு அதிகமாகிறது. அக்கா நிதானமாக யோசித்து யோசித்துச் சொன்னார்.

"செவ்வாக்கெழமையிலதான் ரொம்பத் தெனவெடுக்கும். வெள்ளி சனி கொஞ்சம் அடங்கும். மறுபடி செவ்வா."

"ஞாயித்துக்கிழமை என்ன செய்றீங்க?"

"கறிக்கொழம்புக்கு மசாலா அரைப்பேன். மத்த நாளு மொளகா, மல்லி, தேங்கா. ஞாயித்துக்கெழமைதான் பட்டை, கிராம்பு, கல்பாசி எல்லாம் போட்டு அரைக்கிறது."

"மலையில உங்க வீட்டுக்காரருக்கு இது வரலையா?"

"வரலைங்க. ஆம்பளைங்க அடிமரத்துல நிப்பாங்க. கோடாலி வேலை. நாங்க பொம்பளைங்கல்லாம் கிளைப் பக்கம். மரத்தோட உச்சி இருக்கில்லைங்களா, வெயிலு படுற எடம், அங்க கிளைக்கட்டையெல்லாம் ஒரே பாசி புடிச்சுக் கெடக்கும். அடிமரத்துல அது இருக்காது. சாம்பக் கலர்ல, எலை மாதிரி, வெளிம்பு சுருண்டு. அதைச் சொரண்டித் தள்ளினாத்தான் பட்டையில கத்தி ஏறும். கையெல்லாம் அந்தத் தூளுதான்."

"அதை வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"நம்ம கல்பாசி மாதிரித்தான் டீச்சர் இருக்கும். காயாத கல்பாசி."

நான் எழுந்து நேராக உக்கிராண அறைக்குப் போய்க் கல்பாசி டப்பாவைத் திறந்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்த பொருள்தான். கறுப்பும் சாம்பலுமாக, கருகிய காகிதம் போலச் சுருண்ட செதில்கள். கல்லூரியில் லைக்கன் என்று படித்திருந்தேன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உயிர்போல வாழ்வது. பூஞ்சை வீடு கட்டும், பாசி உள்ளே உட்கார்ந்து வெயிலில் சமைக்கும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அந்தப் பரீட்சை லைக்கன்தான் நான் மேற்பார்வை செய்கிற குழம்பில் கொதிக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றே அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிளைப் பக்கத்துப் பட்டையைப் பாசியோடு வெட்டி, சாக்கில் கட்டி ரயில் பார்சலில் அனுப்ப வேண்டும், பாசியைக் கையால் தொடாமல் வெட்ட வேண்டும். அக்கா பக்கத்தில் நின்று, "நான் நல்லாருக்கேன்னு எழுதுங்க. கொட்டாயில இருக்கிறதை எழுதாதீங்க" என்றார்.

பார்சல் வரப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் அக்காவின் கை பாதி ஆறிவிட்டது. தலைமையாசிரியையிடம் சொன்னேன். "அந்த வியாதியும் கூடிக் குறைஞ்சு வரும்னு சொல்றாங்களே" என்றார். அவருக்கு வேண்டியது காரணம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

சாக்கைத் தோட்டத்தில் வைத்துப் பிரித்தேன். ஈரமும் இலைமக்கும் கலந்த ஒரு வாசனை. புதுக்கோட்டை வெயிலில் அந்த வாசனைக்கு இடமே இல்லை. பட்டைத் துண்டுகள் எட்டு. அவற்றின் மேல் பச்சைப் பாசி மெத்தென்று ஒரு பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல்பச்சை இலைகள் இன்னொரு பக்கம். அக்கா பத்தடி தள்ளி நின்று விரலை நீட்டினார்.

"அந்தா, அகலமா விரிஞ்சு கெடக்கே, அதான். அந்த மெத்து மெத்துனு பச்சையா இருக்கிறது இல்லை. அது அடிமரத்துலயும் இருக்கும்."

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அக்காவுக்கு உதவ வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் கைலென்ஸை எடுத்து அந்தச் சாம்பல் இலையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறொரு வெறி பிடித்துக்கொண்டது. இதன் பெயரை நான் கண்டுபிடிக்க வேண்டும்.

லென்ஸில் மேல்தோல் முழுக்கச் சின்னச் சின்ன முளைகள். பவழம் போலக் கிளைத்து, ஊசிமுனை அளவில் நெருக்கமாக நின்றன. அடிப்புறம் நடுவில் கரிக்கறுப்பு, விளிம்பில் வழவழப்பான பழுப்பு. கடைக் கல்பாசியை ஒரு தட்டில் கொட்டி, அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் முளைகள் இல்லை. விளிம்பு ஓரமெல்லாம் மாவு தூவினாற்போல ஒரு பொடி. அங்கங்கே கண்ணிமை முடி போல இரண்டொரு மயிர். ஆக, அக்கா ஒன்றென்று நினைத்தது இரண்டு. சொந்தக்காரர்கள், ஆனால் வேறு வேறு.

ஆண்கள் கல்லூரியில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. தலைமையாசிரியையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பள்ளி ஆயாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இரண்டு சனிக்கிழமை மத்தியானம் அங்கே போனேன். சவர பிளேடால் குறுக்கே சீவிப் பார்த்தபோது மேல்தோல், அதன்கீழே பச்சை மணிகள், அதன்கீழே வெள்ளைப் பஞ்சு, கடைசியில் கறுப்பு என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. பெயருக்கு அது போதவில்லை.

நான் படித்த கல்லூரி நூலகத்தில் இந்த இனங்களைப் பற்றி ஒரு பழைய புத்தகம் இருந்தது ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் திருச்சிக்குப் போய், எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியையைக் கெஞ்சி நூலகத்தைத் திறக்கச் சொல்லி, சாயங்காலம்வரை உட்கார்ந்து அதிலிருந்த அடையாள அட்டவணையைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். பாதி லத்தீன். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டுத்தடுமாறி ஏறினேன். முளை உண்டா, பொடி உண்டா. விளிம்பில் மயிர் உண்டா, இல்லையா. ஒவ்வொரு கேள்வியிலும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு தரம் தப்பான பக்கம் திரும்பி மூன்று நாள் வீணானது.

கடைசியில் அட்டவணை இரண்டு சொட்டு மருந்து கேட்டது. ஒன்று காஸ்டிக் பொட்டாஷ் கரைசல். அது பள்ளி அலமாரியிலேயே இருந்தது. இன்னொன்று பிளீச்சிங் பவுடர். காலரா பயத்தில் கிணறுகளில் போடுவதற்கு நகர சுகாதார ஆபீஸில் வைத்திருந்தார்கள். அங்கே போய் ஒரு கைப்பிடி கேட்டேன். எந்தக் கிணற்றுக்கு என்று கேட்டார்கள். கிணற்றுக்கு இல்லை, ஒரு பாசிக்கு என்றேன். அங்கிருந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

பொட்டாஷ் சொட்டை இரண்டின் மேல்தோலிலும் விட்டேன். இரண்டும் மஞ்சளாயின. பிறகு மேல்தோலைச் சுரண்டி, உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சில் பிளீச்சிங் கரைசலைத் தொட்டு வைத்தேன். கடைக் கல்பாசி சும்மா இருந்தது. மலைப் பாசி ஒரு நொடியில் ரத்தச் சிவப்பானது. இன்னொரு துண்டில் செய்தேன். சிவப்பு. அட்டவணையில் அந்தச் சிவப்புக்கு நேராக ஒரே ஒரு பெயர்தான் நின்றது. பார்மீலியா டிங்க்டோரம். சாயக்காரர்களின் பாசி என்று அர்த்தம். மேல்நாட்டில் யாரோ அதில் சாயம் எடுத்திருக்கிறார்கள்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அக்கா கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பேரைக் கண்டுபிடிச்சுட்டேன்."

நான் பெயரைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பேரு தெரிஞ்சா எனக்கு வேலை குடுத்துருவாங்களா டீச்சர்? கொட்டாயில படுக்க ஆரம்பிச்சு இருவத்தாறு நாளாச்சு. சாப்பாடு கொண்டார பிள்ளை தட்டை வாசல்ல வச்சுட்டு ஓடுது. நீங்க தெனமும் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

தவணை முடிய நாலு நாள்தான் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். அதைவிட, அவர் கையும் இந்தப் பாசியும் சம்பந்தப்பட்டவை என்று நான் இன்னும் நிரூபிக்கவே இல்லை. என் பாசியின் பெயரை மட்டும் நிரூபித்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

"தப்புத்தான் அக்கா. இப்பவே டாக்டர்கிட்டப் போறேன்" என்றேன்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் செவ்வாய்க்கிழமை அரிப்பு, கிளைப் பக்கம், கல்பாசி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இருக்கலாம். தோல் மேல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

எதற்கும் இருக்கட்டும் என்று நான் முந்தின நாளே மலைப் பாசியை நனைத்து என் முழங்கைக்கு மேல் கட்டியிருந்தேன். அதை அவிழ்த்துக் காட்டினேன். தோல் அப்படியே இருந்தது. என் முகம் விழுந்திருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு வரலைங்கிறதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர். "ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஆகும். அந்தம்மாவுக்கு ஆகுதான்னு பாக்கணும். ஆனா ஆறின கையில மறுபடி புண்ணை வரவழைக்க நான் சொல்ல மாட்டேன்."

என்னோடு வந்து கதவுக்கு வெளியே நின்றிருந்த அக்கா உள்ளே வந்தார்.

"என் மேலயே வச்சுப் பாருங்க. ரெண்டு வருஷம் தெனமும் அள்ளினேன், இன்னும் ஒரு சிட்டிகை என்ன பண்ணிரும்? ஆனா ஒண்ணை மட்டும் வைக்காதீங்க. நாலஞ்சை வைங்க. எது எதுன்னு எனக்கும் தெரிய வேண்டாம், டாக்டருக்கும் தெரிய வேண்டாம். அப்பத்தான் நாளைக்கு யாரும் எதுவும் பேச முடியாது."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒக்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் டாக்டர் அக்காவை உட்காரச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

நான் நாலு துணித் துண்டுகளைத் தயார் செய்தேன். வெறும் பட்டைத்தூள், பச்சைப் பாசி, கடைக் கல்பாசி, மலைப் பாசி. எல்லாவற்றையும் பொடித்து நனைத்து, எந்த எண்ணுக்கு எது என்று ஒரு காகிதத்தில் எழுதி உறையில் ஒட்டித் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். டாக்டர் நாலையும் அக்காவின் முதுகில் ஒட்டிக் கட்டினார். இரண்டு நாள் அவிழ்க்கக்கூடாது, குளிக்கக்கூடாது.

அந்த இரண்டு நாளும் நான் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. சொறியாமல் இருக்க அக்கா கொட்டகையில் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தரம் எட்டிப் பார்த்தேன்.

"அரிக்குதா அக்கா?"

"சொல்ல மாட்டேன். கட்டு அவிழ்க்கட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் காலை தலைமையாசிரியையும் எங்களோடு வந்தார். கட்டை அவிழ்த்தார்கள். இரண்டு இடங்கள் சுத்தமாக இருந்தன. ஓர் இடம் சிவந்து தடித்திருந்தது. இன்னோர் இடம் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களோடு, துணியின் அளவுக்குச் சதுரமாகவே எழுந்திருந்தது. டாக்டர் எண்களைச் சொன்னார். தலைமையாசிரியை உறையைக் கிழித்து வாசித்தார். சிவந்தது கடைக் கல்பாசி. கொப்புளித்தது மலைப் பாசி.

டாக்டர் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணா?"

"இல்லைங்க. வேற வேற இனம். உள்ளே இருக்கிற பொருள் வேற. ஆனா ரெண்டுக்கும் மேல்தோல் ஒரே மாதிரி மஞ்சளாகுது. அந்த மேல்தோல்ல இருக்கிற ஏதோ ஒண்ணு ரெண்டுக்கும் பொதுவா இருக்கலாம்."

"இருக்கலாம்னு சொன்னீங்க பாருங்க, அது நல்லது" என்றார். பிறகு உட்கார்ந்து, இந்த அம்மாளுக்குக் குஷ்டம் இல்லை, கல்பாசி வகைகளைத் தொடுவதால் வரும் கரப்பான், பிறருக்குத் தொற்றாது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

தலைமையாசிரியை அன்று மத்தியானமே சமையற்கட்டு ஆட்களைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார். சமையற்காரம்மா, "அப்ப கறிக்கொழம்புக்கு யாரு அரைக்கிறது?" என்றார்.

"கல்பாசி இல்லாம கொழம்பு வச்சா யாரும் செத்துப்போக மாட்டாங்க" என்றார் தலைமையாசிரியை.

இருந்தாலும் எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. அக்கா மொண்டு கொடுத்த தண்ணீரைச் சமையற்காரம்மா இன்னும் ஒரு மாதம் குடிக்கவில்லை. அக்கா அதைப் பார்த்தும் பாராதது போல வேலை செய்தார்.

அந்த வருஷம் தை கழிந்ததும் அக்கா என்னிடம் வந்து, மலைக்குத் திரும்பிப் போகிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அங்கிட்டு நாலு பொம்பளைங்களுக்கு என்னை மாதிரியே கை இருக்கு டீச்சர். ஒருத்தியை லயன் வீட்டுல இருந்து வெளிய தள்ளி, ஒரு சாக்குக் கொட்டாயில வச்சிருக்காங்கன்னு அவரு எழுதியிருக்காரு. டாக்டர் எழுதினது இங்கிலீசுல இருக்கு. எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்க. என்ன பாசி, எங்க இருக்கும், எப்படிப் பாத்தோம், எல்லாத்தையும் எழுதுங்க. அவருக்குப் படிக்கத் தெரியும், எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவாரு."

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். நான் எழுதி வாசிப்பேன், அவர் நிறுத்துவார். "மேல்தோல் முளைகள்" என்று எழுதியதை, "மேல தொட்டா சொரசொரன்னு இருக்கும்னு போடுங்க" என்று மாற்றினார். லத்தீன் பெயரை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "அதையும் போடுங்க. பேரில்லாத ஒண்ணைக் கங்காணி நம்ப மாட்டாரு." கையில் சாக்குத்துணி உறை மாட்டிக்கொள்ள வேண்டும், கிளையை நனைத்துவிட்டுச் சுரண்ட வேண்டும், வேலை முடிந்ததும் முழங்கைவரை கழுவ வேண்டும், கை புண்ணானவர்களை அடிமரத்துப் பக்கம் மாற்ற வேண்டும் என்று கடைசியில் நாலு வரி. அவை முழுக்க அவர் சொன்னவை.

மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுக்காரர் கையெழுத்தில் கடிதம் வந்தது. கங்காணி முதலில் காகிதத்தை வாங்கவே மறுத்திருக்கிறார். அக்கா விடாமல், மலையில் இருந்த மருந்தகத்துக் கம்பவுண்டரிடம் போய், புதுக்கோட்டை டாக்டரின் முத்திரையைக் காட்டிப் பேசியிருக்கிறார். கம்பவுண்டர் அந்த நாலு பெண்களையும் வரச்சொல்லிப் பார்த்திருக்கிறார். மூன்று பேருக்கு அடிமர வேலைக்கு மாறியதும் கை ஆறிவிட்டது. நாலாவது, கொட்டகையில் வைத்திருந்த பெண்ணுக்கு ஆறவில்லை. அவளுக்கு உண்மையிலேயே பெரிய வியாதிதான்.

அதைப் படித்தபோது என் காகிதத்தை நம்பி அவளையும் லயனுக்குள் சேர்த்திருப்பார்களோ என்று ஒரு பயம் வந்தது. கடிதத்தின் அடுத்த வரிகளில் பதில் இருந்தது. அந்தப் பெண்ணைக் மலைக்குக் கீழே அந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்று எல்லாரும் பின்வாங்கியபோது, அக்காதான் கூட்டிப் போயிருக்கிறார். ரயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போய், அங்கே பத்து நாள் கூடவே தங்கி, சேர்த்துவிட்டுத்தான் மலைக்குத் திரும்பியிருக்கிறார். "எனக்கு அது இல்லைன்னு தெரிஞ்சப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இருக்கிறவளுக்கு யாராவது கூட வேணுமில்ல" என்று அக்கா சொன்னதை அவர் வீட்டுக்காரர் அப்படியே எழுதியிருந்தார்.

யுத்தம் முடிந்து கப்பல் தபால் சீரானதும், எஞ்சிய பட்டைத் துண்டுகளில் இரண்டை ஒரு பொட்டலமாக்கி, இந்த இனங்களில் தேர்ந்த ஒரு நிபுணருக்குக் கடல் தாண்டி அனுப்பினேன். பெயர் சரிதானா என்று கேட்டிருந்தேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. பெயர் சரி. ஆனால் பொட்டலத்தில் இருப்பது ஓர் இனம் அல்ல, இரண்டு. பெரிய இலைகளுக்கு அடியில், விளிம்பில் பொடியோடு சின்னதாக இன்னொன்று கலந்து வளர்ந்திருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை.

விளிம்பில் பொடி என்றால் அது கடைக் கல்பாசியின் இனமாகவே இருக்கலாம். நான் டாக்டரிடம் இரண்டும் வேறு வேறு என்று சொன்னேனே, அவை ஒரே கிளையில் பின்னிக்கொண்டு கிடந்திருக்கின்றன. அன்று அக்காவின் முதுகில் வைத்த நாலாவது துணியில் எது எவ்வளவு இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

டாக்டரிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"இதால அந்தம்மாவுக்கு ஏதாவது மாறுதா? மாறலை. கல்பாசி வகையைத் தொடாம இருந்தா கை நல்லா இருக்கும், அது நிஜம். ஒங்களுக்குத்தான் மாறுது. திருத்தி எழுதிக்கங்க."

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த ஆறு பட்டைத் துண்டுகளையும் ஜன்னல் ஓரத்தில் பரப்பி, லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், ஐந்தாவது துண்டில், பெரிய இலை ஒன்றை ஊசியால் தூக்கியபோது அடியில் இருந்தது. விரல் நகத்தில் பாதி அகலம். ஓரத்தில் பொடி, ஒற்றை மயிர். பிளீச்சிங் கரைசலைத் தொட்டு வைத்தேன். சிவக்கவில்லை. நோட்டைத் திறந்து, கிளையில் இருப்பது ஓர் இனம் என்ற பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்து, அதன் கீழே இரண்டாவது பெயரை எழுதினேன்.